ஐம்பத்தோராவது நிமிடம்

"சார், இன்னொரு தடவை எடுக்கணும்."

கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தது இது. ஒத்திகை ஆரம்பிக்கும் முன்னால், திராட்சைத் தோட்டத்து ஷெட்டில் எங்கள் எல்லாரையும் பாயில் உட்காரவைத்து டைரக்டர் ரகுநந்தன் போட்ட ஒரே சட்டம். எழுபத்துநாலு நிமிடப் படம். ஒரே ஷாட். நடுவில் வெட்டே கிடையாது. யார் தடுக்கி விழுந்தாலும், வசனம் மறந்தாலும், ஆடு குறுக்கே வந்தாலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முடிந்த பிறகு 'இன்னொரு தடவை' என்று சொல்கிற உரிமை அவருக்கு மட்டும். "அந்த வார்த்தை வேற யார் வாயிலயும் வரக் கூடாது. வந்தா அவங்க யூனிட்ல இல்லை" என்றார். அன்றைக்கு நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

இப்போது காலை ஒன்பது மணி. படம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதே ஷெட். காலி திராட்சைக் கிரேட்டுகளை அடுக்கி, மேலே மானிட்டரை வைத்திருந்தார்கள். யூனிட் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்துநாலு நிமிடமும் கேமராவை உடம்பில் கட்டிச் சுமந்த மலையாளத்துக்காரர் சஜீவ், இடுப்புக்கு ஐஸ் பை கொடுத்துப் படுத்துக் கிடந்தார். கம்பம் டவுனிலிருந்து கேக் வந்திருந்தது.

ரகுநந்தன் கேக் கத்தியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

"இன்னொரு தடவை எடுக்கணும்னேன். நாளைக்கு ஒரு காலை நம்ம கையில இருக்குல்ல."

இருந்தது. வெளிச்சத்துக்காக ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் முடிக்க வேண்டிய படம். மூன்று காலைகள் ஒதுக்கியிருந்தார்கள். நேற்று இருபத்திரண்டாவது நிமிடத்தில் பேட்டரி போய் நின்றுவிட்டது. இன்று முழுசாக வந்துவிட்டது. நாளைக் காலை சும்மா கிடந்தது.

"முழுசா வந்த படத்தை எதுக்கு மறுபடி எடுக்கணும்?"

"ஐம்பத்தோராவது நிமிஷத்துக்கு."

மேனேஜர் ராஜா முகம்மது தட்டில் கேக்கோடு நின்றிருந்தார். "சோலி முடிஞ்சது இந்தப் புள்ளைக்கு" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

இது எங்கள் ஊர்க் கதை. ஓடைப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் கோயில். கோயில் என்றால் மாதா கோயில். இரண்டு தெருவும் ஒரே காலத்தில், ஒரே சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். உட்காருகிற இடம் மட்டும் வேறு. மேலத்தெருவுக்கு முன்னால் பெஞ்சு. கீழத்தெருக்காரர்களான எங்களுக்கு, பின்னால் தரை. மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர் பூசைக்கு வேண்டுமென்றே லேட்டாக வருவார். சாமியார் பிரசங்கம் ஆரம்பித்த பிறகுதான் வாசற்படியை மிதிப்பார். மிதித்ததும் தரையில் இருக்கிற அத்தனை பேரும் எந்திரிக்க வேண்டும். அவர் நடந்து போய் முன்பெஞ்சில் உட்கார்ந்த பிறகு உட்கார வேண்டும். சுவிசேஷம் வாசிக்கும்போது எந்திரிப்பது ஆண்டவருக்கு, அது எல்லா ஊரிலும் உண்டு. பிரசங்கத்துக்கு நடுவில் எந்திரிப்பது எங்கள் ஊரில் மட்டும். அது ஒரு ஆளுக்கு.

1908-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானப்பூ என்ற பெண் எந்திரிக்கவில்லை. அவளைப் பார்த்து அவள் வரிசை எந்திரிக்கவில்லை. பிறகு தரை முழுக்க. நாற்பத்துமூன்று பேர். அன்றைக்கே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பதினோரு வாரம் வாய்க்கால் கரையில் நின்றே பூசை கண்டார்கள். பன்னிரண்டாவது வாரம் கதவு திறந்தது. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் பிரசங்கத்துக்கு நடுவில் யாரும் எந்திரித்தது கிடையாது.

இதைத் தோண்டி எடுத்தது நான். கீழத்தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். மதுரையில் எம்.ஏ. வரலாறு படித்தபோது, அந்தக் காலத்துப் பிரெஞ்சு சாமியார் ஒருவர் எழுதிய நோட்டு கையில் கிடைத்தது. பிரெஞ்சு எனக்கு எங்கே தெரியும். ஒரு சிஸ்டரைக் கெஞ்சி வரி வரியாகப் படித்துச் சொல்லவைத்தேன். பக்கம் முழுக்க அவர் பாஷை, நடுவில் ஒரே ஒரு வார்த்தை தமிழில், ஒண்ணாப்புப் பிள்ளை எழுத்துபோலக் கோணலாக: 'எந்திரிக்கல'. மற்றதையெல்லாம் தன் பாஷையில் எழுதியவர் அதை மட்டும் கேட்டபடியே எழுதி வைத்திருந்தார். நான் அதை வைத்து ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் ரகுநந்தன் சென்னையிலிருந்து வண்டி ஏறினார். ஆய்வும் வட்டாரப் பேச்சும் என் பொறுப்பு. ஞானப்பூவாக நடிக்க இருபது பேரைப் பார்த்து, கடைசியில் என் அம்மா செலினைப் பிடித்துக்கொண்டார். "இந்த முகம் எனக்கு நடிக்க வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்" என்றார். மற்ற நாற்பத்திரண்டு பேரும் கீழத்தெருவேதான்.

"உக்காரு. பாத்துட்டுப் பேசு" என்று சொல்லி ரகுநந்தன் படத்தை ஐம்பதாவது நிமிடத்துக்குக் கொண்டுபோனார்.

பார்க்கத் தேவையே இல்லை. காலையில் பீடத்துக்குப் பக்கத்தில், சாமியார் உடுப்பு மாற்றுகிற சக்கிரீஸ்து அறைக் கதவு இடுக்கில் நின்று நேரிலேயே பார்த்தேன். ஆனாலும் பார்த்தேன்.

பிரசங்கம் ஓடுகிறது. வாசலில் நிழல் விழுகிறது. ஒத்திகை நடந்த பதினெட்டு நாளும் பெரிய வீட்டுக்காரராக நடந்து வந்தது அய்யாத்துரை என்ற மதுரை நாடகக்காரர். அவர் வந்தால் எங்கள் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு பழக்கம். இன்று வாசலில் நின்றது ஆல்பர்ட். ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட கம்பு. அதே பெரிய வீட்டுக்காரரின் கொள்ளுப்பேரன். இந்தத் தோட்டம் அவருடையது. இந்த ஷெட், ஜெனரேட்டர், அந்தக் கேக்கும் அவர் வாங்கியதுதான். அம்மா இருபத்திரண்டு வருடமாக அவரிடம் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுகிறாள், குலை வெட்டுகிறாள். அவர் முன்னால் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மானிட்டரில் அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்க்கிறாள். இரண்டு விநாடி. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எந்திரித்தாள். அவள் வரிசை எந்திரித்தது. நாற்பத்துமூன்று பேரும் எந்திரித்து நின்றார்கள், சேலைகள் உரசுகிற சத்தம் மட்டும். அவர் நடந்து போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரையும் யாரும் வெளியே தள்ளவில்லை. பூசை முடிந்தது. அவர் முதலில் போனார், தரை பின்னால் போனது.

காலையில் நான் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும், நாளைக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும். கத்தவில்லை. துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் டைரக்டரே கேட்பார் என்று நம்பினேன். அந்த மடத்தனம் என்னுடையது.

ரகுநந்தன் படத்தை நிறுத்தினார். "இதைப் போய் மறுபடி எடுக்கச் சொல்றியா? இந்த ரெண்டு செகண்ட் இருக்கே. உலகத்துல எந்த நடிகையாலயும் குடுக்க முடியாது. நூறு வருஷம் அந்த உடம்புல உக்காந்திருந்தது எந்திரிச்சு வந்திருக்கு. இது கடவுள் குடுத்தது."

"நடந்தது எந்திரிக்காதது சார். நூறு வருஷத்துக்கு முந்தி எங்க சனம் எந்திரிக்கல. உங்க படத்துல எந்திரிச்சுட்டாக."

"நடந்தது பேப்பர்ல இருக்கு. அதுக்கு உன் கட்டுரை போதும். நான் எடுக்கிறது சினிமா."

"படத்துக்கு முன்னால 1908-ன்னு போடுறீங்களா இல்லையா?"

"போடுவேன்."

"அப்ப 1908-ல இவுக எந்திரிச்சாகன்னு ஆகுதா இல்லையா?"

"பார்க்கிறவங்க அதைத் தாண்டிப் பார்ப்பாங்க."

"என்னத்தத் தாண்டி? எங்கம்மா எந்திரிச்சது பெரிய வீட்டுக்காரருக்கு இல்ல. நாளைக்கு வேலைக்கு வான்னு சொல்ற ஆளுக்கு. அது 1908 இல்ல சார். அது இன்னைக்கி. வேணும்னா அதைப் போடுங்க. இந்தம்மா பேரு செலின், வந்தவரு அந்தம்மாவோட முதலாளி, வருவாருன்னு முன்கூட்டி யாரும் சொல்லலன்னு எழுத்துல போடுங்க. நான் வாயத் தொறக்கல."

"அப்படிப் போட்டா அது டாக்குமெண்டரி."

"போடலைன்னா பொய்."

குரலை உயர்த்தாமல் பேசுகிறவர் அவர். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கும். "பெனிஷா, நீ படிச்ச பொண்ணு. உங்க அம்மாங்கிறதால உனக்கு வலிக்குது. அது புரியுது. ஆனா அந்த அடிமைத்தனம் அந்த உடம்புல இருக்கிறது உண்மை. அதை ஒத்துக்க."

"போன வாரம் உங்க புரொட்யூசர் இங்கன வந்தாரு. நாற்காலிய விட்டு எந்திரிச்சு கார் வரைக்கும் போனீங்க. கதவையும் தொறந்துவிட்டீங்க. அது எந்த உடம்புல இருந்து வந்தது?"

ராஜா முகம்மது தட்டைப் பார்த்துக்கொண்டார். யாரோ இருமினார்கள்.

"அது மரியாதை" என்றார் ரகுநந்தன்.

"உங்களுக்குன்னா மரியாதை, எங்கம்மாவுக்குன்னா அடிமைத்தனம்."

அவர் சும்மா விரலால் படத்தை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினெட்டு நாளும் அந்த இடத்தில் கேமரா வலது பக்கம் திரும்பும். ஞானப்பூவின் முகத்திலிருந்து, வெளியே தள்ள வருகிற உபதேசியாருக்கு, அங்கிருந்து கதவுக்கு, கதவு வழியாக வாய்க்காலுக்கு. தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடைவெளி. அந்த ஒரு திருப்பத்துக்கு மட்டும் சஜீவ் நாலு நாள் பழகினார், தோள்பட்டைத் தோல் உரிந்து போனது. இன்று அவர் வலது பக்கம் திரும்பவேயில்லை. ஆல்பர்ட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நேராக, ஒரு குலுக்கல் இல்லாமல், முன்பெஞ்சு வரைக்கும் போனார். அந்தப் பெஞ்சுக்குப் பின்னால் இரண்டு வரிசை மெழுகுவர்த்தி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஒத்திகையில் அந்தப் பக்கம் இருட்டாகத்தான் கிடக்கும். கேமரா அங்கே போகவே போகாது, எதற்கு வெளிச்சம்?

"நிறுத்துங்க. அங்கன, பெஞ்சுக் காலடியில."

தரையில் சாக்பீஸ் கோடு. கேமரா வந்து நிற்க வேண்டிய இடம்.

"கடவுள் குடுத்ததுன்னீங்களே. இந்தக் கோட்டையும் கடவுளா போட்டாரு?"

நான் சஜீவைப் பார்த்தேன். அவர் ஐஸ் பையை இடம் மாற்றி வைத்துக்கொண்டார். "ரெண்டு வழி இருந்தது மோளே. ஏ, பி. உச்சைக்கு நீங்க எல்லாம் சோறு திங்கப் போகும்போ பி பழகினது. எனக்குச் சொன்னது நான் செய்தேன்."

"எத்தன நாளா?"

"ஒரு ஆழ்ச்ச."

ஒரு வாரம். நான் ராஜா முகம்மது பக்கம் திரும்பினேன். "உங்களுக்கும் தெரியுமாண்ணே?"

"தலைப்பா கட்டுறதுக்கு ஆளு கூட்டியாந்தேன் தங்கச்சி. யாரு தலைக்குன்னு நான் கேக்கணுமா?" கொஞ்சம் நிறுத்தி, "நேத்தும் அவரு வேசம் போட்டு வேனுக்குள்ளதான் உக்காந்திருந்தாரு. பேட்டரி போனதால வெளிய வரல" என்றார்.

"போதும்" என்றார் ரகுநந்தன். "ஆமா. நான்தான் பிளான் பண்ணினேன். அது என் வேலை. எந்திரிக்கலைன்னா ஏ, எந்திரிச்சா பி. எந்திரின்னு நான் யாருக்கும் சொல்லலை. முழு சுதந்திரம் குடுத்தேன்."

"கூலி குடுக்கிற ஆளக் கூட்டியாந்து நடுக்கோயில்ல நிறுத்திட்டு சுதந்திரமா?"

"உன் அம்மா எந்திரிக்காம இருந்திருக்கலாமே. யார் தடுத்தாங்க?"

அவரை அடித்திருப்பேன். கை எழும்பியதை நானே பார்த்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆல்பர்ட் வந்தார். தலைப்பாகையை இன்னும் அவிழ்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு அம்மா, படத்துச் சேலையும் பாசிமணியுமாக, மாற்றுச் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா பெனிஷா, சத்தம் பந்தலு வரைக்கும் கேக்குது" என்றார் ஆல்பர்ட். சிரித்த முகம். ஊரில் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் என்றால் கார் அனுப்புவார்.

"எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நீங்க வரப்போறீகன்னு."

"சொல்லக் கூடாதுன்னாக. வான்னாக வந்தேன், நடன்னாக நடந்தேன். இதுல எனக்கென்னம்மா இருக்கு?" கிரேட்டு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உண்மையச் சொன்னா எனக்குச் சந்தோசந்தான். உன் கட்டுரையில எங்க கொள்ளுத்தாத்தாவப் பத்தி நீ எழுதினத வீட்டுல எல்லாரும் படிச்சோம். எங்க அக்கா அழுதுச்சு. இப்ப படத்துல பாத்தா மனுசன் வாராரு, சனம் மரியாதையா எந்திரிக்குது, பூசை நல்லபடியா முடியுது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. ஏ செலினு, உக்காரு, ஏன் நிக்கிற?"

"இருக்கட்டும்யா" என்றாள் அம்மா. உட்காரவில்லை.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. தோட்டத்தையும் ஷெட்டையும் படம் எடுத்த பழைய கோயிலின் சாவியையும் ஆல்பர்ட் ஏன் அவ்வளவு சுளுவாகக் கொடுத்தார் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் கட்டுரையை எத்தனை பேர் படித்திருப்பார்கள், முந்நூறு பேர்? இந்தப் படம் ஊர் ஊராகப் போகும். நாளைக்கு எங்கள் தெருப் பிள்ளை ஒன்று ஞானப்பூ யார் என்று தேடினால், எந்திரித்து நிற்கிற என் அம்மாதான் வருவாள்.

"ம்மா" என்றேன். "இவரு வருவாருன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"வேணும்னே செஞ்சிருக்காக. ஒரு வாரமாத் திட்டம் போட்டு. நாளைக்கு மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டிருக்கேன். பழைய ஆளு, மதுரைக்காரரே வரட்டும். நீ உக்காந்தே இருக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி கின்றி எதுவும் இல்லை. "உன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"ம்மா, ஞானப்பூ எந்திரிக்கல. அதுக்குத்தான இந்தப் படமே."

"ஞானப்பூ எந்திரிக்கல, சரி. அவளுக்கு அடுத்த நாளு எங்கன வேலைன்னு உன் நோட்டுல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. பதினோரு வாரம் நாற்பத்துமூன்று பேர் என்ன சாப்பிட்டார்கள் என்று சாமியார் ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் தேடவில்லை.

"நாடகக்காரரு வந்தா உக்காந்திருப்பேன்" என்றாள் அம்மா. "அய்யா வந்தா எந்திரிப்பேன். நாளைக்கு எடுத்தாலும் எந்திரிப்பேன். நாளைக் கழிச்சு எடுத்தாலும் எந்திரிப்பேன். கால் தானா எந்திரிக்குது, அதுக்கு நான் என்ன செய்ய? நீ உக்காந்திரு. உனக்குத்தான் படிப்பு இருக்கு. எதுக்கு இத்தன பேருக்கு முன்னால என்னைய வச்சுப் பஞ்சாயத்துப் பண்ணுற?"

"கேட்டியா?" என்றார் ரகுநந்தன் மெதுவாக. அவர் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. பக்கத்திலிருந்த பையனிடம் கண்ணைக் காட்டினார். அவன் செல்போனைத் தூக்கி அம்மாவைப் படம் பிடிக்க ஆரம்பித்தான். இதையும் எங்கேயாவது போடுவார்கள்.

நான் போய் அந்தப் போனைத் தட்டிவிட்டேன். அது கேக் மேல் விழுந்தது.

"ஏலே, எடுறா அதை" என்று ஆல்பர்ட் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ராஜா" என்றார் ரகுநந்தன். "அந்த ஃபார்ம் வேலையை முடிச்சிடுங்க. எல்லாரும் கலைஞ்சு போறதுக்குள்ள."

ராஜா முகம்மது பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். ஆளுக்கு ஒன்றாக நாற்பத்துமூன்று. முழுக்க இங்கிலீஷ். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "நடிச்சவுக சம்மதம்" என்று என்னிடம் நீட்டினார். "இது இல்லாம வெளிநாட்டுல எங்கயும் திரையிட விட மாட்டாகளாம். பொம்பளையாளுக பந்தலுக்கு அடியில இட்லிக்கு உக்காந்திருக்காக. நீ நீட்டினாத்தான் போடுவாக. வாங்கிட்டு வந்துரு தங்கச்சி. அதோட இந்தச் சண்டைய விடு."

வாங்கி முதல் தாளைப் படித்தேன். மூன்றாவது பத்தியில் நின்றேன். 'காட்சியின் தன்மை எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது. என் விருப்பத்தின் பேரில் அதில் பங்கேற்றேன்.' இரண்டு முறை படித்தேன். பிறகு ஷெட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன்.

"இது சும்மா வழக்கமான ஃபார்ம்" என்றார் ரகுநந்தன்.

"வழக்கமான ஃபார்ம்னா படிச்சுக் காட்டிட்டே வாங்குறேன். ஒவ்வொரு வரியா. பிறகு அந்தச் சாக்பீஸ் கோட்டப் பத்தியும் சொல்றேன். அப்புறம் போடுறவுக போடட்டும்."

"நீ என்கூட அக்ரிமெண்ட் போட்டிருக்கே. யூனிட் விஷயம் வெளிய பேசக் கூடாது."

"அவுக வெளியாளா? படத்துல நாப்பத்துமூணு பேரும் அவுகதான் சார்."

"இப்ப நீ போனா டைட்டில்ல உன் பேர் இருக்காது. ஆய்வுன்னுகூட வராது."

"எடுத்துருங்க. இருந்தாத்தான் எனக்குக் கேவலம்."

ஆல்பர்ட் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம்தான் பேசினார், அதே சிரித்த குரலில். "செலினு, திங்கக்கிழமையில இருந்து கவாத்து. ஆளு பத்தாதுன்னு உன் ஆளுகளத்தான் நம்பியிருக்கேன். உன் மக என்னமோ பேசுது. வரீகளா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, நான் ஓடைப்பட்டியில ஆளு பாத்துக்கிறேன்."

அம்மா சுருட்டிப் பிடித்திருந்த சேலையைக் கிரேட்டின் மேல் வைத்தாள். என் பக்கத்தில் வந்து, கையிலிருந்த கட்டிலிருந்து மேல் தாளை உருவினாள். ராஜா முகம்மதிடம் பேனாவை வாங்கினாள். மானிட்டர் இருந்த கிரேட்டின் ஓரத்தில் தாளை வைத்துக் குனிந்து, செ, லி, ன் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. இப்போதும் 'செ'க்குக் கொம்பு பெரிசாகத்தான் வருகிறது.

"அவ புத்தி கெட்டுப் பேசுறா அய்யா" என்றாள். "மனசுல வைக்காதீக. நாங்க வருவோம்."

தாளை ரகுநந்தனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "ரொம்ப நன்றிம்மா" என்றார், கண்ணை மூடித் திறந்து. எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே, அது அந்த இரண்டு பேர் மேல் வந்ததைவிடப் பெரிது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"இப்ப என்ன சொல்ற?" என்றார் ரகுநந்தன் என்னிடம். "உங்க அம்மாவே போட்டுட்டாங்க. மிச்சத்தைக் குடு, ராஜா வாங்கிக்குவார்."

"எங்கம்மா போட்டது எங்கம்மாவுக்கு. இந்த நாப்பத்திரண்டு அவுகவுகளுக்கு."

"குடு பெனிஷா."

"குடுக்க மாட்டேன்."

ராஜா முகம்மது கையை நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "வேற பிரிண்ட் எடுக்கணும்னா தேனிக்குத்தான் போகணும்" என்று பொதுவாகச் சொன்னார். போய் வர இரண்டு மணி நேரம். எனக்கு அது போதும்.

"ஏத்தா பெனிசா" என்றாள் அம்மா. "வேணாம். சொன்னாக் கேளு. இன்னைக்கி நீ வாயத் தொறந்துட்டு நாளைக்கு மதுரைக்குப் பஸ் ஏறிருவ. திங்கக்கிழமை நான்தான் அந்தப் பந்தலுக்கு அடியில நிக்கணும்."

அவள் சொன்னது நிஜம்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு வேலை போகும். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பேருக்குப் போகலாம். அவர்களில் சிலர் என்னை வாசலில் வந்து திட்டுவார்கள், மண்ணை வாரிக்கூடத் தூற்றுவார்கள். எல்லாம் தெரிந்தே கட்டை இறுக்கிப் பிடித்தேன். தெரியாமல் வாங்கிய சம்மதத்தைத் தெரிந்தபின் நானே கை நீட்டி வாங்கிக்கொடுக்க முடியாது. தெரிந்து போட்டால் போடட்டும். நாற்பத்திரண்டு பேரும் போட்டாலும் சரி, அப்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

"போறேன்மா" என்றேன்.

வாசலில் என் செருப்புக்கு மேல் யாரோ கேபிளைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். எடுக்கப் பொறுமை இல்லை, வெறுங்காலோடு இறங்கினேன். திராட்சைப் பந்தல் தாழ்வாக இருக்கும், குனிந்துதான் நடக்க வேண்டும். அந்தக் கடைசியில் சாம்பார் வாளிச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. யாரோ ஆல்பர்ட் தலைப்பாகையைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முதல் தாளை யார் பேரில் எடுத்துப் படிப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டே நடந்தேன். ஏஞ்சல் சித்தி. அதுக்குத் தொண்டை பெருசு, கேள்வி கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.